குளக்கரையில் நின்றவர்கள் (அத்தியாயம் 11)

பெரியம்மைக்குத் தடுப்பூசி இருந்தது. போலியோவுக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. கினிப்புழுவுக்கு இன்றுவரை எதுவும் கிடையாது. அதைத் தடுக்க ஊசி இல்லை, உடம்புக்குள் போன புழுவைக் கொல்ல மாத்திரை இல்லை. ஒருமுறை வந்து அவதிப்பட்டவருக்கு அடுத்த வருடம் வராது என்ற உத்தரவாதமும் இல்லை. அப்படியிருந்தும், 1986 வாக்கில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஆண்டுக்கு சுமார் 35 லட்சம் பேரைப் படுக்கையில் தள்ளிய இந்த நோய், 2024-இல் உலகம் முழுவதிலும் 15 பேருக்குத்தான் வந்தது. இதைச் செய்து காட்டியவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர், செவிலியர்களும் அல்லர். சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு, வீடு வீடாக நடந்தவர்கள்.

சென்ற அத்தியாயத்தில் ரஷ்ய இளைஞர் அலெக்சி ஃபெத்சென்கோவைப் பார்த்தோம். துர்கெஸ்தானில் 1870 வாக்கில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, இந்தப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரிலுள்ள சைக்ளாப்ஸ் என்ற நீர்த்தெள்ளுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டவர் அவர். புகாரா நகரத்துக் குளங்களைத் துப்புரவாக்கி, 1930-களின் தொடக்கத்திலேயே லியோனிட் இசாயெவ் அங்கே நோயை ஒழித்ததையும் பார்த்தோம். ஆனால் புகாரா ஒரு நகரம். அங்கே ஓர் அரசு தன் முழு பலத்தோடு இறங்கியது. கானாவிலும் சூடானிலும் நைஜீரியாவிலும், மழைக்காலத்தில் ஜீப் போக முடியாத ஆயிரக்கணக்கான ஊர்களில் இதை யார் செய்வது?

அதற்கு முன்னால், புழுவின் வழியை இன்னொரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். இந்தக் கதை முழுவதும் அந்த வழியை மறிப்பதைப் பற்றியதுதான்.

தேங்கிய குளத்துத் தண்ணீரை ஒருவர் குடிக்கிறார். தண்ணீரோடு நீர்த்தெள்ளும் உள்ளே போகிறது. தெள்ளு வயிற்றில் செத்துவிடும். அதற்குள் இருந்த புழுக்குஞ்சு சாகாது. குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் இறங்கும். சுமார் ஒரு வருடம் எந்த அறிகுறியும் தெரியாது. அதற்குள் பெண்புழு மூன்றடி நீளம்வரை வளர்ந்து, பெரும்பாலும் காலை நோக்கி நகர்ந்து வந்து, தோலுக்கு அடியில் ஒரு கொப்புளத்தைக் கிளப்பும். நெருப்பு வைத்தது போன்ற எரிச்சல். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் சற்று ஆறுதலாக இருக்கும். புழு காத்திருப்பதும் அதற்குத்தான். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து, பால் போன்ற திரவத்தோடு லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கொட்டும். அதே குளத்தில் மறுநாள் ஊரே குடம் நிரப்பும்.

வெளியே தலைநீட்டிய புழுவை ஒரேயடியாக இழுக்கக்கூடாது. வெந்த சேமியா போல மெலிந்து நீண்டிருக்கும் அது அறுந்துவிட்டால், உள்ளே தங்கிய பாதி அழுகி, கால் வீங்கிச் சீழ் கட்டும். ஆகவே ஒரு குச்சியிலோ மடித்த கட்டுத்துணியிலோ நுனியைச் சுற்றி, நாளுக்கு ஓரிரு விரற்கடை அளவு மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். சில வாரங்கள், சமயத்தில் மாதத்துக்கு மேலும் ஆகும். பழங்கால எகிப்தியர் செய்ததும் இதையேதான். ஒருவர் உடம்பில் ஒரே சமயத்தில் பல புழுக்கள் கிளம்புவதும் உண்டு.

உயிர் போவது அரிது. அதனாலேயே தலைநகரங்களில் இருந்தவர்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் புழு வெளிவரும் காலம் பல ஊர்களில் விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலம். கால் ஊன்ற முடியாத விவசாயி என்ன செய்வார்? தென்கிழக்கு நைஜீரியாவின் நெல் விளையும் பகுதியில் மட்டும் இந்த நோயால் ஆண்டுக்கு 2 கோடி டாலர் இழப்பு என்று 1987-இல் யுனிசெஃப் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரியவர்கள் படுத்தால் வயல் வேலைக்குப் பிள்ளைகள் போக வேண்டும், பள்ளிக்கூடம் காலியாகும்.

1980-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யில் இருந்த டொனால்டு ஹாப்கின்ஸ் ஒரு யோசனை சொன்னார். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்தவர் அவர். 1981 முதல் 1990 வரையிலான பத்தாண்டை ஐ.நா. குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கியிருந்தது. குடிநீர் திருந்தினால் முதலில் மறைய வேண்டிய நோய் கினிப்புழு. அப்படியானால் அதை ஒழிப்பதையே அந்தப் பத்தாண்டின் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்றார். 1986-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. அதே ஆண்டு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மையம் இந்த வேலையைக் கையில் எடுத்தது.

கார்ட்டர் 1988-இல் கானாவின் டென்சிரா என்ற சிற்றூருக்குப் போனார். ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் புழுவோடு கிடந்தார்கள். ஓரமாக நின்ற இளம்பெண் ஒருத்தி கையில் குழந்தையை ஏந்தியிருப்பதாக நினைத்து அருகே போனார். அவள் ஏந்தியிருந்தது குழந்தை அல்ல, வீங்கிப்போன தன் மார்பகம். அதிலிருந்து புழு வெளிவந்துகொண்டிருந்தது. இந்தக் காட்சியைப் பின்னாளில் அவர் எத்தனையோ மேடைகளில் சொன்னார்.

எல்லா ஊருக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டால் நோய் தானே போய்விடும் என்பதுதான் முதல் நம்பிக்கை. அதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பணமும் காலமும் வேண்டும்; தோண்டினாலும் தண்ணீர் வராத பாறை நிலங்கள் இருக்கின்றன; போட்ட கைப்பம்பு பழுதானால் சரிசெய்ய ஆள் வர மாதக்கணக்கு ஆகும். அதுவரை குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளிவந்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுப்பது, குளத்தில் டெமிஃபாஸ் மருந்தைக் கலந்து நீர்த்தெள்ளைக் கொல்வது ஆகிய மூன்றும்தான் கையில் இருந்த வழிகள். (அபேட் என்ற பெயரில் நம் ஊரில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றுவதும் இதே மருந்துதான்.) மூன்றில் முதல் இரண்டையும் எந்த அதிகாரியும் வெளியூரிலிருந்து வந்து செய்துவிட முடியாது. விடியற்காலையில் யார் குளத்துக்குப் போகிறார்கள், எந்த வீட்டுக் கிழவருக்குக் கால் எரிகிறது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கு மட்டுமே தெரியும்.

ஊருக்கு ஒருவர் என்று தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் அவரிடம் கணக்கு வாங்கும் முறையை முதலில் உருப்படியாக நடத்திக் காட்டியது பாகிஸ்தான். அங்கே கடைசி நோயாளி 1993 அக்டோபரில் கண்டறியப்பட்டார். அந்த முறைதான் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது.

முதல் வேலை எண்ணுவது. எண்ணத் தொடங்கியதுமே அரசாங்கங்கள் திகைத்துப்போயின. நைஜீரியாவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்குத்தான் நோய் வருகிறது என்று ஏடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 1980-களின் இறுதியில் ஊர் ஊராகப் போய் எண்ணியபோது 6,53,000-க்கும் மேல் வந்தது. கானாவில் 1989-இல் 1,79,556. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை. ஆகவே எந்த ஏட்டிலும் அவர்கள் இருந்ததில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இந்தக் கணக்கெடுப்புதான். எத்தனை பேர் என்று தெரியாத வரை எந்த அமைச்சரும் அசையவில்லை.

தன்னார்வலர் கையில் என்ன இருந்தது? ஒரு பதிவேடு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட தாள். கட்டுப்போடத் துணி, புண்ணுக்குப் போடும் களிம்பு, வீடுகளுக்குக் கொடுக்க வடிகட்டித் துணி. சாதாரணப் பருத்தித் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மக்கள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். 1990 முதல் டூபாண்ட், பிரிசிஷன் ஃபேப்ரிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் நைலான் துணியை நன்கொடையாகக் கொடுக்கத் தொடங்கின. தண்ணீர் கடகடவென்று இறங்கும், தெள்ளு மேலே தங்கிவிடும்.

துணியைக் கொடுப்பது எளிது, நம்ப வைப்பது கடினம். புழு பிறக்கும்போதே இரத்தத்தில் இருக்கிறது என்பார் ஒருவர். சூனியம் என்பார் இன்னொருவர். எங்கள் பாட்டன் முப்பாட்டன் குடித்த குளத்தைக் குறை சொல்கிறாயா என்பார் மூன்றாமவர். இவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. இன்று குடித்த தண்ணீர் அடுத்த வருடம் காலில் புழுவாக வரும் என்று யாராவது சொன்னால், நாம் மட்டும் உடனே நம்பிவிடுவோமா? தன்னார்வலர்கள் ஒரு காரியம் செய்தார்கள். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார்கள். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்வது தெரியும். அதே தண்ணீரைத் துணியில் ஊற்றி வடித்து இன்னொரு குவளையில் காட்டினால் புள்ளிகள் இருக்காது. குனிந்து பார்த்த பெண்கள் முகம் சுளித்தார்கள். பிரசங்கத்தில் வராத மாற்றம் அந்தக் குவளையில் வந்தது.

சில ஊர்களில் குளம் முன்னோர்கள் உறையும் புனிதமான இடம். அதில் மருந்து ஊற்றுவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியூர் அதிகாரி வண்டியில் வந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தால் கலவரமே ஆகியிருக்கும். ஊர்த் தலைவரிடமும் பூசாரியிடமும் உட்கார்ந்து, நாள்கணக்கில் பேசிச் சம்மதம் வாங்க, அவர்கள் தூக்கி வளர்த்த பிள்ளைகளில் ஒருவர்தான் வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தால் வேறு எப்படி இருக்கும்? ஆனால் தண்ணீர் சுமப்பவர்கள் பெண்களும் சிறுமிகளும்தான். துணியில் வடிகட்டுபவளும் அவளே, கிழிந்த துணியை மாற்றத் தெரிந்தவளும் அவளே. பக்கத்து வீட்டு அடுப்படி வரை தயக்கமின்றிப் போகக்கூடியவளும் அவள்தான். இதை உணர்ந்து கானாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த வேலையில் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சுற்றியுள்ள வீடுகள் சில ஒப்படைக்கப்பட்டன. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீணான வருடங்கள் பல.

வீணான வருடங்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கானாவின் கணக்கைப் பாருங்கள். 1989-இல் 1,79,556 ஆக இருந்தது 1994-இல் எட்டாயிரத்துச் சொச்சமாக இறங்கியது. பிரமாதமான இறக்கம். ஒன்பது வருடம் கழித்து, 2003-இலும் அதே எட்டாயிரத்துச் சொச்சம்! 1994-இல் வடக்குப் பகுதியில் இனக்குழுக்களுக்கு இடையே மோதல் வெடித்து ஊர்கள் எரிந்தன. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எண்ணிக்கை குறைந்ததும் மேலே இருந்தவர்களின் கவனம் தளர்ந்ததுதான். மேற்பார்வையாளர் வருவது குறைந்தது. துணி தீர்ந்தால் புதிது வருவதில்லை. பதிவேட்டை எழுதினாலும் வாங்கிப் பார்க்க ஆள் இல்லை. கூலி வாங்காமல் தினமும் காலையில் இருபது முப்பது வீடு சுற்றும் ஒருவர், தன் வேலையை யாருமே கவனிக்கவில்லை என்று தெரிந்தால் எத்தனை நாள் சுற்றுவார்? அவருக்கும் வயல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-இன் இறுதியில் சவெலுகு நகரத்தில் குழாய்த் தண்ணீர் தடைப்பட்டபோது நோய் மறுபடி பற்றிக்கொண்டது.

அதன் பிறகுதான் கானா விழித்தது. மேற்பார்வை இறுக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிக் குணமாக, உணவும் சிகிச்சையும் இலவசமாகத் தரும் இல்லங்கள் திறக்கப்பட்டன. அதுவரை "தண்ணீரில் இறங்காதே" என்று சொன்னார்களே தவிர, இறங்காமல் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று யாரும் கேட்கவில்லை. 2007-இல் 3,358, மறுவருடம் 501, அதற்கடுத்து 242. கடைசி நோயாளி 2010 மே மாதம். 2015-இல் கானா நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்த இடத்தில் 'கட்டுக்குள் வந்த நோயாளி' என்று திட்டத்தில் எதைச் சொன்னார்கள் என்பதை விளக்கியாக வேண்டும். புழு வெளியே தலைகாட்டிய 24 மணி நேரத்துக்குள் தன்னார்வலர் கண்டுபிடித்திருக்க வேண்டும். புழு தலைகாட்டியதிலிருந்து அந்த நோயாளி எந்த நீர்நிலையிலும் கால் வைத்திருக்கக்கூடாது. புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, புழு முழுவதும் வெளியேறும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு நாளுக்குள் மேற்பார்வையாளர் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் அவர் கட்டுக்குள் வராதவர். அந்தக் குளம் அடுத்த வருடத்துக்கான ஆபத்து. 24 மணி நேரம் என்பது ஜீப்புக்கு எட்டாத கெடு. மாமா வீட்டுத் திண்ணையில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போகிறபோக்கில் கவனிக்கும் ஒருவருக்கே அது சாத்தியம்.

சூடானின் கதை தனி. வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நோய் அதிகமாக இருந்த தெற்கில் கால் வைக்கவே முடியவில்லை. 1995-இல் கார்ட்டர் இரு தரப்பிடமும் பேசிப் போர்நிறுத்தம் வாங்கினார். இரண்டு மாதத்துக்கென்று தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. அந்த இடைவெளியில் நோயுள்ள ஊர்களுக்குள் ஆட்கள் போனார்கள்; வடிகட்டித் துணிகள் போயின; குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஒரு புழுவுக்காகப் போரை நிறுத்தியதை வரலாறு அதற்கு முன் கண்டதில்லை.

தெற்குச் சூடானின் மாடு மேய்ப்பவர்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. பானையும் துணியும் அவர்களுக்கு உதவாது. 2001-இல் ஒரு முனையில் வலை பொருத்திய சிறு குழாய் வந்தது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். குட்டையைக் கண்ட இடத்தில் குனிந்து அதன் வழியாக உறிஞ்சிக் குடிக்கலாம். லட்சக்கணக்கில் செய்து விநியோகித்தார்கள். மந்தையோடு நகரும் முகாம்களிலேயே தன்னார்வலர்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

தெற்கில் 2006-இல் 20,581 பேருக்கு நோய் இருந்தது. 2013-இல் 113. அந்த டிசம்பரில், பிறந்து இரண்டரை வயதே ஆன தெற்கு சூடானில் மறுபடி போர் மூண்டது. வெளிநாட்டு ஊழியர்கள் விமானம் ஏறினார்கள். ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? மக்கோய் சாமுவேல் யிபியின் தலைமையிலான அந்நாட்டுப் பணியாளர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் முடிந்த இடங்களிலெல்லாம் வேலையைத் தொடர்ந்தார்கள். 2014-இல் 70, அதற்கடுத்து 5. வெளியாட்கள் போன பிறகும் இந்த எண்கள் இறங்கியதே, அது போதாதா இவர்களைப் பற்றிச் சொல்ல?

நம் பக்கம் ஒரு பார்வை. நரம்புச்சிலந்தி என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தப் புழுவைத்தான். இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று; முதலில் விடுபட்டதும் தமிழ்நாடுதான். படி இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் படிக்கிணறுகளே இங்கே நோய்க்கு வீடாக இருந்தன. அவற்றை மூடியும், சுவர் எழுப்பி இறைகிணறாக மாற்றியும், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களைக் கொண்டு வீடு வீடாகத் தேடியும் இந்தியா இதை முடித்தது. கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000-இல் சான்றிதழ்.

இவர்களுக்கு என்ன கொடுத்தோம்? பெரும்பாலான ஊர்களில் சம்பளம் கிடையாது. ஒரு பனியன், சோப்பு, சில இடங்களில் ஒரு சைக்கிள். பயிற்சி நாளில் ஒருவேளைச் சாப்பாடு. சேவை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏழையின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது எந்த நாட்டிலும் சரியல்ல. கோடிக்கணக்கான டாலர் புரண்ட ஒரு திட்டத்தில், அதன் அடித்தளமாக நின்றவருக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருந்தால் கானா தன் பத்தாண்டைத் தொலைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். ஒழிப்பு விழாக்களில் அவர்களையும் மேடையேற்றிப் பாராட்டியது உண்மை. பாராட்டு நல்லதுதான், அதை வைத்து அரிசி வாங்க முடியாது.

நைஜீரியாவின் கடைசி நோயாளி 2008 நவம்பரில், எனுகு மாநிலத்தில். ஆறரை லட்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு இருபது ஆண்டு. முன்னாள் ஆட்சித் தலைவர் யாகுபு கோவான் ஊர் ஊராகச் சென்று அதிகாரிகளை உசுப்பியது அங்கே பெரிதும் உதவியது. நோய் போன பிறகும் வேலை முடியவில்லை. மூன்று வருடம் ஒரு நோயாளிகூட இல்லை என்று காட்டினால்தான் சான்றிதழ். அதற்கு ஊர்தோறும் கண்காணிப்பு நடந்துகொண்டே இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத மாதத்திலும் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கை வராத ஊர் நோயில்லாத ஊர் ஆகாது. புழுவைக் காட்டுபவருக்குப் பணப் பரிசு அறிவித்தார்கள். வதந்தி கிளம்பினாலும் போய்ப் பார்த்தார்கள்.

இப்படியெல்லாம் நாடுகள் ஒவ்வொன்றாக விடுபட்டு வந்த வேளையில், பத்து வருடமாக ஒரு நோயாளிகூடப் பதிவாகாத சாட் நாட்டில் 2010-இல் புழு மறுபடி தலைகாட்டியது. கண்காணிப்பு தொய்ந்திருந்த நாடு அது. ஊர்த் தன்னார்வலர்களை மறுபடி திரட்டிப் பதிவேட்டைத் திறந்தபோது, அதுவரை யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. 2012 முதல் சாரி ஆற்றங்கரை ஊர்களில் மனிதர்களைவிட அதிகமாக நாய்களின் கால்களிலிருந்து புழுக்கள் வெளிவந்துகொண்டிருந்தன. அதன் பிறகு தன்னார்வலர்களின் வேலை எப்படி மாறியது, ஊரே சேர்ந்து நாய்களைக் கட்டிப்போட்டது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.